வேலூரில் ஆவணப்படம் பார்க்க ஓர் அரங்கு: மாவட்ட நிர்வாகத்துக்கும் மாநகராட்சிக்கும் கல்லூரிகளுக்கும் திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், மாவட்ட மைய நூலகப் பொறுப்பாளர்கள், வேலூர், காட்பாடி, குடியாத்தம் கல்லூரிகளின் முதல்வர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உலகத்தின் ஆவணப்படங்களையும் சுயாதீனப் படங்களையும் நூறு பேர் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்க்க வேலூரில் ஓர் அரங்கு வேண்டும். புதுக் கட்டடம் வேண்டாம். அரசிடமோ கல்லூரிகளிடமோ ஏற்கெனவே இருக்கும் கூடங்களில் ஒன்றை எடுத்து, இருட்டாக்கி, எதிரொலியை அடக்கி, சரியான புரொஜெக்டர் மாட்டி, மாதம் இரண்டு ஞாயிறு மக்களுக்குத் திறந்துவிட்டால் போதும். அதோடு மூன்று காரியங்கள்: படங்களுக்குத் தமிழில் வசன வரி (சப்டைட்டில்) எழுத ஓர் ஏற்பாடு, படம் எடுத்தவருக்குக் கட்டணம் தர வரவுசெலவில் ஒரு தலைப்பு, அனுமதி கேட்க ஒரே ஒரு மேசை.

கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைப்பது கொஞ்சம், அதுவும் தனித்தனியாக. ஓர் ஊரைப் பற்றிய படத்தை இன்னோர் ஊர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்போதுதான் பேச்சு பிறக்கிறது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலை கலந்த பாதரசத்தால் மீன் உண்டவர்கள் கைகால் முடங்கிப்போனதை ஆவணப்பட இயக்குநர் நொரியாகி சுச்சிமோட்டோ பல ஆண்டுகள் படமாக்கினார். 1977-ல் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடலோரத்து ஊர்களுக்கே போய்த் திரையிட்டார். தங்களுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று தெரியாமலும் வெளியே சொல்லப் பயந்தும் இருந்தவர்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். அந்தப் படத்தை உலகத்தில் எந்த ஊர் புரிந்துகொள்ளாவிட்டாலும் பாலாற்றங்கரை புரிந்துகொள்ளும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி இந்த மண்ணிலிருந்து போன வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு வேலூரின் பெயரோடுதான் இருக்கிறது.

'இங்கே யார் மூன்று மணி நேரம் ஆவணப்படம் பார்ப்பார்கள்' என்ற கேள்வியும் வரும். அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து, படுகளம் முடிந்தபின் எழுந்து போகும் சனங்கள் வாழும் வட ஆற்காட்டில் அந்தக் கேள்வி நிற்காது. பொறுமை இருக்கிறது. பார்க்கவும் கேட்கவும் உகந்த இடம்தான் இல்லை.

அந்த இடத்தை எப்படி அமைப்பது என்பதற்கு வருவோம். இங்கே அளவுகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். காரணம், தரமான பொருள் வாங்கியும் படம் தெரியாமல் போவது பெரும்பாலும் அளவு தவறுவதால்தான்.

நீளம் 50 அடி, அகலம் 30 அடி, உயரம் 14 அடி உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 16 அடி அகலம், 9 அடி உயரமுள்ள திரை பொருந்தும். பரப்பு 144 சதுர அடி. திரையரங்குகளுக்கான உலக அளவுகோல், திரையின் ஒளி 14 அடி-லாம்பர்ட், அதாவது சதுர அடிக்கு 14 லூமென் (ஒளியின் அளவு) இருக்க வேண்டும் என்கிறது. பெருக்கினால் 2,016 லூமென் திரையில் விழ வேண்டும். அப்படியானால் 2,000 லூமென் புரொஜெக்டர் போதுமே என்று வாங்கினால் ஆறு மாதத்தில் வருந்த நேரும். பெட்டியில் அச்சிட்டிருப்பது, பச்சை பாய்ந்த மிகப் பிரகாசமான அமைப்பில் அளந்தது. நிறம் சரியாக வரும் சினிமா அமைப்புக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறையும். விளக்கின் ஆயுள் என்று சொல்வதும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான காலத்தைத்தான். ஆகவே 5,000 லூமென் வேண்டும். மெர்க்குரி விளக்கு இரண்டாயிரம், மூவாயிரம் மணி நேரத்தில் மங்கும். லேசர் வகைக்கு 20,000 மணி நேரம் சொல்கிறார்கள். விளக்கு மாற்ற ஒவ்வொரு முறையும் கோப்பு நகர்த்த வேண்டிய அரசுக் கூடத்துக்கு லேசரே நல்லது.

டெண்டரில் ஒரு எச்சரிக்கை. 'ஃபுல் எச்.டி. ஆதரிக்கும்' என்று எழுதினால், உள்ளே 800க்கு 600 புள்ளி மட்டுமே உள்ள கருவியும் தகுதி பெற்றுவிடும். பெரிய படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டுவதையும் ஆதரவு என்றே சொல்வார்கள். 'இயல்பான புள்ளி எண்ணிக்கை 1920க்கு 1080 அல்லது 1920க்கு 1200' என்று எழுதுங்கள். லூமெனுக்கு முன் 'ஆன்சி' அல்லது 'ஐ.எஸ்.ஓ. 21118' என்ற தர அளவுகோலின் பெயர் இருக்கட்டும்; வெறும் 'எல்.இ.டி. லூமென்' என்பதை ஏற்காதீர்கள். வண்ண ஒளியும் வெள்ளை ஒளியும் சம அளவு என்ற நிபந்தனையையும் சேருங்கள். இல்லாவிட்டால் வெள்ளை பளிச்சென்று இருக்கும், மனித முகம் மங்கிக் கிடக்கும். ஆவணப்படத்தில் நாம் பார்க்க வருவது முகங்களைத்தான்.

எவ்வளவு நல்ல புரொஜெக்டரையும் வெளிச்சம் கெடுத்துவிடும். மேற்சொன்ன திரையில் முழு வெள்ளை ஏறத்தாழ 150 லக்ஸ் (சதுர மீட்டரில் விழும் லூமென்). கூடத்துக்குள் கசியும் வெளிச்சம் திரைமேல் 15 லக்ஸ் விழுந்தால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு சுமார் பதினொன்றுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். இரவில் எடுத்த காட்சி முழுவதும் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். சுயாதீனப் படங்களில் பாதி, இருக்கிற விளக்கொளியில் எடுத்தவை. அவற்றுக்குக் கசிவு ஒன்றரை லக்ஸைத் தாண்டக் கூடாது. சோதிக்க எளிய வழி: வெயில் உச்சத்தில், பிற்பகல் 2 மணிக்கு, எல்லாம் மூடிவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். செய்தித்தாளின் தலைப்பைப் படிக்க முடிந்தால் கூடம் தயாராகவில்லை. கசிவு சன்னலை விட, மேலே காற்றுப்போக்கிக்காக விட்ட துளைகளிலும் கதவின் அடியிலும்தான் அதிகம். திரையைச் சுற்றிப் பத்தடிக்குச் சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்தால், திரையின் ஒளியே அவற்றில் பட்டுத் திரும்பித் திரைமேல் விழும். அந்தப் பகுதிக்கு மட்டும் பளபளப்பில்லாத அடர் நிறம் அடியுங்கள். வெளியேறும் வழியைக் காட்டும் சிறு விளக்கு எரியத்தான் வேண்டும். அது திரையை நோக்கிப் பார்க்காமல் தரையை நோக்கி இருக்கட்டும். படம் நடக்கையில் எந்தக் கதவையும் பூட்டக் கூடாது.

திரையின் உயரத்தில்தான் பெரும்பாலான கூடங்கள் தவறுகின்றன. தரை சமமாக உள்ள கூடத்தில் உட்கார்ந்தவர் தலை நாலேகால் அடி உயரத்தில் இருக்கும். திரையின் கீழ் விளிம்பு மூன்றடியில் தொடங்கினால், வசன வரி முழுவதும் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் மறையும். பாரசீக மொழியிலோ போர்ச்சுகீசியத்திலோ பேசும் படத்தில் வசன வரி மறைந்தால் படமே மறைந்த மாதிரிதான். கீழ் விளிம்பு நாலரை அடியில் இருக்க வேண்டும். 9 அடித் திரைக்கு மேல் விளிம்பு பதின்மூன்றரை அடிக்குப் போகும். அதனால்தான் 14 அடிக் கூரை கேட்டோம். கூரை தாழ்வென்றால் திரையை 12 அடி அகலமாகக் குறையுங்கள், விளிம்பை இறக்காதீர்கள். நாற்காலிகளை வரிசைக்கு வரிசை அரை நாற்காலி தள்ளிப் போட்டால் பார்வை இன்னும் தெளியும். முதல் வரிசை திரையிலிருந்து 16 அடிக்குக் குறையாமலும், கடைசி வரிசை 48 அடிக்கு மிகாமலும் இருக்கட்டும். சீலிங் ஃபேன் புரொஜெக்டரின் ஒளிப்பாதையில் தொங்குகிறதா என்று மாட்டும் முன்பே பாருங்கள். படத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டு 'கீஸ்டோன்' பொத்தானால் நேராக்குவது புள்ளிகளைத் தின்றுவிடும், எழுத்து மங்கும். லென்ஸ் நகரும் வகைப் புரொஜெக்டர் வாங்கினால் அந்தத் தொல்லையே இல்லை.

இருட்டாக்கிய கூடம் வேலூரின் வெயிலில் அடுப்பாகிவிடும். கத்திரி வெயிலில் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் ஒலி கேட்காது, நிறுத்தினால் ஆள் நிற்க மாட்டார். குளிர்சாதனம் இல்லாத கூடமென்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை திரையிடலை மாலை 7 மணிக்குத் தள்ளுங்கள். பகலெல்லாம் மூடியே வைத்த அறையின் கதவுகளை 5 மணிக்கே திறந்து காற்றோட விடுங்கள்.

ஒலியைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். படம் கொஞ்சம் மங்கினால் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். அதே 50க்கு 30 கூடம், சிமெண்ட் பூச்சும் டைல்ஸ் தரையுமாக வெறுமையாக இருந்தால் எதிரொலி அடங்க நான்கு விநாடிக்கு மேல் ஆகும். கல்யாண மண்டபத்து மைக்கில் ஒரு சொல் புரிந்து மூன்று சொல் புரியாமல் போவது இதனால்தான். படத்துக்கு ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். ஒலியை இன்னும் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்குவதும் இதற்கு மருந்தல்ல. நூறு பேர் வந்து உட்கார்ந்தாலே ஒன்றரை விநாடிக்கு இறங்கும், மனித உடலும் உடையும் ஒலியை விழுங்குவதால். மீதியைக் கனமான திரைச்சீலை செய்யும்: இரு பக்கச் சுவர்களிலும் சேர்த்துச் சுமார் 850 சதுர அடி, மடிப்பு விழ வேண்டும் என்பதால் துணி அதைப்போல் இரு மடங்கு. சன்னலை இருட்டாக்கத் தொங்கவிடும் அதே சீலைதான் எதிரொலியையும் அடக்குகிறது. இரண்டு பட்டியலில் இரண்டு செலவாக எழுதாதீர்கள், ஒன்றே போதும். சுவரிலிருந்து அரையடி தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

திரைக்கு இருபுறமும் உட்கார்ந்தவர் காது உயரத்துக்குச் சற்று மேலே இரண்டு ஸ்பீக்கர் போதும். மேடை நிகழ்ச்சிக்கான பெரிய பெட்டிகள் அடித்தொனியை உந்தும். களத்தில் பதிவு செய்த பேச்சு அதில் அமுங்கிப்போகும். படத்தில் இசை கேட்கிறது, காற்றும் வண்டியும் கேட்கின்றன, பேசுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருப்பதுபோல் கேட்கிறது என்றால், கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. அந்தக் கோப்பில் ஒலி 5.1 முறையில் ஆறு தடங்களாக இருக்கிறது. பேச்சு நடுத்தடத்தில் உள்ளது. லேப்டாப்பிலிருந்து இடம், வலம் இரண்டை மட்டும் எடுத்தால் நடு விடுபடும். படம் கேட்கும்போதே 'ஸ்டீரியோ ஒலியுள்ள பிரதி' என்று எழுதிக் கேளுங்கள். முந்தைய நாள் ஒத்திகையில் பேச்சுள்ள காட்சி ஒன்றை ஓடவிட்டு, கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். காலிக் கூடத்தில் சரியாக இருந்த ஒலி, ஆள் நிறைந்ததும் குறைவாகத் தெரியும். ஆம்பிலே கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.

பிரதி பற்றியும் தெளிவு வேண்டும். திரையரங்குகளில் ஓடுவது டி.சி.பி. எனும் தொகுப்பு, அதற்குத் தனி சர்வர் வேண்டும். பூட்டிட்ட டி.சி.பி. என்றால், குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட நாள், மணிக்கும் மட்டும் செல்லுபடியாகும் சாவியைத் தனியாக அனுப்புவார்கள். ஐந்து மணிக் காட்சி ஆறுக்குத் தள்ளிப்போனால் சாவி காலாவதியாகிவிடக்கூடும். நம் கூடத்துக்கு அது தேவையில்லை. எச்.264 முறையில், 1080 அளவில், விநாடிக்கு 20 மெகாபிட் உள்ள எம்.பி.4 கோப்பு போதும். தொண்ணூறு நிமிடப் படம் பதின்மூன்றரை ஜி.பி. வரும். பழைய ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. படம் நகலாகும் கடைசி நேரத்தில்தான் அது தெரியவரும். எக்ஸ்ஃபேட் முறையில் மாற்றி வையுங்கள். இரண்டு பிரதி, இரண்டு வேறு டிரைவில். ஓட்டுவது லேப்டாப்பின் உள் வட்டிலிருந்து; இணையத்திலிருந்து நேரடியாக ஒருபோதும் வேண்டாம்.

ஐரோப்பியப் படங்கள் பல விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), மற்றவை 24. லேப்டாப்பின் வெளியீடு 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 முறை) நின்றால், பக்கவாட்டில் நகரும் காட்சி துள்ளித் துள்ளிப் போகும். 25-க்கு 50 ஹெர்ட்ஸ், 24-க்கு 24 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்கு மேல் சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் நம்பத்தக்கதல்ல, படம் விட்டுவிட்டு வரும். ஒளியிழை கலந்த கேபிள் வாங்குங்கள், அதற்கு திசை உண்டு, தலைகீழாக மாட்டினால் வேலை செய்யாது. மின்தடைக்கு 2 கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, புரொஜெக்டர், லேப்டாப், ஆம்ப் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 800 வாட்தான். விளக்குள்ள புரொஜெக்டர் சூடாக இருக்கையில் மின்சாரம் சட்டென்று நின்றால் குளிர்விக்கும் விசிறியும் நின்று விளக்கு வெடிக்கலாம் என்பதால், ஜெனரேட்டர் இருந்தாலும் யு.பி.எஸ். அவசியம்.

இவ்வளவும் அமைத்து, படத்தை ஆங்கில வசன வரியோடு போட்டால், வேலூரில் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டோம் என்று பொருள். பேர்ணாம்பட்டில் தோல் வேலை செய்பவரும், குடியாத்தத்தில் கைலி நெய்பவரும், அணைக்கட்டில் விவசாயம் பார்ப்பவரும் படிக்கும் வேகத்தில் தமிழ் வரி இருந்தால்தான் இது மக்களின் அரங்கு. நாங்கள் கேட்பவற்றுள் மிக முக்கியமானது இதுதான். செலவு குறைந்ததும் இதுதான்.

தொண்ணூறு நிமிட ஆவணப்படத்தில் ஆயிரம் வசன அட்டைகள் (ஒரு தடவையில் திரையில் தோன்றும் வரிகள்) வரை இருக்கும். நான்கு பேர் பகிர்ந்தால் இரண்டு வாரத்தில் முடியும். இயக்குநரிடம் ஆங்கில வசன வரிகளும் அவை தோன்றும் நேரமும் அடங்கிய எஸ்.ஆர்.டி. கோப்போடு முழு உரையாடல் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஆங்கில வரி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் சுருக்கத்தின் சுருக்கம்தான் கிடைக்கும். ஓர் அட்டையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு விநாடிக்குக் குறைவாகவோ ஏழு விநாடிக்கு மேலோ நிற்க வேண்டாம். மென்பொருள் காட்டும் எழுத்து எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். 'தமிழ்' என்பதில் கண்ணுக்கு மூன்று எழுத்து, மென்பொருளுக்கு ஐந்து. துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். அதன் எச்சரிக்கைக்குப் பயந்து நல்ல வாக்கியத்தை வெட்டிவிடுவார்கள். உரக்கப் படித்துப் பார்ப்பதே நல்ல அளவு: அட்டை மறையும் முன் நிதானமாகப் படித்து முடிக்க வேண்டும். நடை செய்யுள் மாதிரியும் வேண்டாம், சினிமா வசனம் மாதிரியும் வேண்டாம். பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளி 'ஆகையினால்' என்று பேச மாட்டார்.

வரி பேச்சுக்கு முன்னால் நழுவிக்கொண்டே போனால் காரணம் சட்டக வேகம். 25 சட்டகத்துக்குக் கணித்த வரியை 24-ல் ஓடும் பிரதியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிப்போகும். 24-க்கும் 23.976-க்கும் உள்ள வேறுபாடு மணிக்கு 3.6 விநாடி, தொடக்கத்தில் தெரியாது, கடைசிக் காட்சியில் கேள்விக்கு முன்பே பதில் வந்து நிற்கும். எல்லா வரியையும் ஒரே அளவு தள்ளி வைத்தால் இது தீராது, வேகத்தையே மாற்ற வேண்டும். சோதிக்கையில் முதல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல் கடைசி ஐந்து நிமிடத்தையும் பாருங்கள்.

கோப்பை எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும். படம் ஓட்டும் பழைய மென்பொருள்களில் 'கொ', 'கை' போன்றவற்றின் கொம்பு இடம் மாறி விழும். ஆகவே தமிழ் வரியைப் படத்தோடு பதித்து ஒரே கோப்பாக்கிவிடுவது பாதுகாப்பு. ஆங்கிலத்தை விடத் தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம், மேலும் கீழும் குறி வரும். எழுத்தைச் சற்றுப் பெரிதாகவும் வரிக்கு வரி இடைவெளி தாராளமாகவும் வையுங்கள். பனி நாட்டுப் படங்களில் வெள்ளை எழுத்து வெள்ளைப் பனியில் கரைந்துவிடும். கறுப்பு ஓரம் கட்டாயம். வசனத்தோடு 'கதவு தட்டும் ஒலி', 'தொலைவில் அழுகை' என்பனவற்றையும் சேர்த்து இன்னொரு கோப்பு வைத்தால் காது கேளாதவர்களும் வருவார்கள்.

இந்த வேலைக்கு ஊரிஸ், முத்துரங்கம், டி.கே.எம்., ஆக்ஸிலியம் போன்ற கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் கைகொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்புத் தாளுக்கான செய்முறைப் பயிற்சியாக இதை ஏற்கலாம். மாணவர் பெயர் படத்தின் இறுதியில் வரட்டும், மதிப்பூதியமும் கொடுங்கள். இயக்குநரின் எழுத்து அனுமதி பெற்றே மொழிபெயர்க்க வேண்டும், முடித்த கோப்பை அவருக்கே அனுப்பிவிட வேண்டும். அப்போது திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ அந்தப் படத்தைக் கேட்பவருக்கும் தமிழ் வரி தயாராக இருக்கும். வேலூரில் தமிழோடு உருதும் தெலுங்கும் வீட்டு மொழிகள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளப் பெயர்ப்பலகைகளே சாட்சி: நோயாளியோடு வந்து வாரக்கணக்கில் விடுதியில் தங்கியிருக்கும் வங்காளிகளுக்கு ஞாயிறு மாலையில் போக இடமில்லை. மாதம் ஒரு வங்காளப் படம், தமிழ் வரியோடு. இரு தரப்பும் ஒரே கூடத்தில் உட்காரட்டும்.

உரிமைக் கட்டணத்துக்கு வருவோம். வீட்டுச் சந்தா கட்டிய ஓ.டி.டி. கணக்கை அரங்கில் திறந்து காட்டுவது அந்தச் சந்தாவின் நிபந்தனைக்கு மாறானது. வாங்கிய வட்டுக்கும் அப்படித்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கல்வி நிறுவனத்துக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் மட்டும் பார்க்கும் திரையிடலுக்கு விலக்குத் தருகிறது. பொதுமக்களுக்கு வாசலைத் திறந்த உடனே அந்த விலக்கு போய்விடும். கல்லூரிகள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நம் நாட்டில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1920களின் மௌன ஆவணப்படங்கள் எப்போதோ விடுபட்டுவிட்டன. ஆனால் அண்மையில் புதிதாக இசை சேர்த்த பிரதியின் இசைக்கு உரிமை இருக்கும். இசையை நீக்கிவிட்டு நம் ஊர்க் கலைஞர்களை நேரில் வாசிக்க வைக்கலாம்.

மற்றப் படங்களுக்கு இயக்குநருக்கோ விநியோகிப்பவருக்கோ எழுதுங்கள். எத்தனை இருக்கை, எத்தனை காட்சி, நுழைவுக் கட்டணம் உண்டா, எந்த நாள், தமிழ் வரி நீங்களே செய்வீர்களா: இந்த ஐந்தையும் முதல் கடிதத்திலேயே சொன்னால் பதில் விரைவில் வரும், கட்டணமும் பெரும்பாலும் குறையும். இலவசமாகக் கேட்காதீர்கள். சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டுப் படம் எடுத்தவர்கள் பலர். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்பட இயக்கமும் ஊர் ஊராக மக்களிடம் சிறு தொகை திரட்டி 1986-ல் ஒரு முழுநீளப் படத்தையே முடித்தார்கள். கொடுத்தவர்களுக்கே அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மக்கள் காசில் படமே எடுக்க முடியுமென்றால் கட்டணம் கொடுக்கவும் முடியும். வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு வரிப்பிடித்தமும் தனிப் படிவங்களும் உண்டு. கணக்குப் பிரிவு அதைக் காட்சி முடிந்தபின் கண்டுபிடித்துத் தொகையை நிறுத்தி வைப்பது வழக்கம். இரண்டு மாதம் முன்பே கணக்குத் தணிக்கையாளரிடம் கேட்டு வைத்துவிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் நிர்வாகத்தின் உதவி இல்லாமல் எதுவும் நகராது. 1952-ன் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும், ஆவணப்படமும் விலக்கல்ல. இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தம் குறும் ஆவணப்படம் தொடர்பாகத் தொடுத்த வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. சான்று பெற்ற இந்திய ஆவணப்படங்கள் நிறைய உண்டு. 2023-ன் திருத்தத்துக்குப் பிறகு சான்றுக்குக் காலக்கெடுவும் இல்லை. சான்று இல்லாத வெளிநாட்டுப் படங்களை விழாவாக நடத்தும்போது, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கேட்கலாம். படங்களின் பட்டியல், கதைச் சுருக்கம், முன்கூட்டிப் பார்த்த குழுவின் பரிந்துரை, வணிக நோக்கமில்லை என்ற உறுதி, பதிவு செய்த பார்வையாளர் மட்டும் என்ற ஏற்பாடு ஆகியவை வேண்டும். இதைத் தனி ஆட்கள் அனுப்புவதை விட மாவட்ட நிர்வாகமோ பல்கலைக்கழகமோ அனுப்பினால் சீக்கிரம் நடக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் காட்சி நாளன்று வாய்மொழி உத்தரவால் திரையிடல் நிற்பது பல ஊர்களில் கண்டது. ஆகவே ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசை: சான்று நகல் அல்லது விலக்குக் கடிதம், உரிமையாளரின் ஒப்புதல், கூடத்தின் தீயணைப்பு, மின் பாதுகாப்புச் சான்று. இவற்றைப் பெற்றுக்கொண்டதற்கு ஓர் ஒப்புகைச் சீட்டு. அதே நகல் காவல் நிலையத்துக்கும் போகட்டும். நிறுத்த வேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில் தரட்டும். இதற்கு மேல் சலுகை எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

கூடத்தைத் தாண்டி ஊர்களுக்கும் படம் போக வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை திறந்தவெளிக்கு ஏற்ற காலம். தென்மேற்குப் பருவத்தில் நம் பகுதியில் மாலை இடிமழை திடீரென்று வந்துவிடும். மார்ச்சில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.20, முழு இருட்டுக்கு 7 மணி ஆகும். திரைத்துணியை நான்கு மூலையில் மட்டும் கட்டினால் காற்றில் பாய்மரமாகிவிடும். சுற்றிலும் அடிக்கு ஒரு வளையம் வைத்து, அறுந்தாலும் துணி கிழியாதபடி ரப்பர் கயிற்றால் கட்டுங்கள். தெருவிளக்கை அணைக்க ஊராட்சியிடம் முன்பே சொல்லிவையுங்கள். கோட்டை வளாகத்தில் நடத்துவதென்றால் தொல்லியல் துறையின் அனுமதி தனி.

படத்துக்கு முன் வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை வேண்டாம் என்றும் வேண்டிக்கொள்கிறோம். அறிமுகம் மூன்று நிமிடம். படத்துக்குப் பிறகு நாற்பது நிமிடம் பேச்சுக்கு. மைக் மேடையில் இல்லாமல் சனங்களுக்கு நடுவே நகரட்டும். இயக்குநர் காணொளியில் வருவதானால் படம் ஓடிய லேப்டாப் வேறு, அழைப்புக்கு வேறு. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்துக்கு இடைவேளை எங்கே என்று இயக்குநரையே கேளுங்கள். கடிகாரத்தைப் பார்த்து வெட்டக் கூடாது.

இவ்வளவும் பெருநகரத்துக்குத்தான் ஆகும் என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் யமகாட்டா, டோக்கியோவிலிருந்து தள்ளியிருக்கும் நடுத்தர நகரம். 1989-ல் தன் நகராட்சியின் நூற்றாண்டை ஒட்டி, அந்தப் பகுதிக் கிராமத்தில் நெல் பயிரிட்டுக்கொண்டே படமெடுத்த ஷின்சுகே ஒகாவாவின் யோசனையால், ஆவணப்பட விழா தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒரு முறை உலகமே அங்கு போகிறது. வந்த படங்களைச் சேமித்து வைக்க நூலகமும் இருக்கிறது. பிரான்சின் லுஸ்ஸா அதைவிடச் சிறிது, ஒரு கிராமம். அங்கும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஆவணப்பட விழா. நகராட்சி இடத்தையும் நிதியையும் கொடுத்து, படத் தேர்வைத் தெரிந்தவர்களிடம் விட்டதே யமகாட்டா நிலைத்ததற்குக் காரணம். அதையே உங்களிடமும் கேட்கிறோம்: இடம் உங்களுடையது, தேர்வு ஆசிரியர், மாணவர், தொழிற்சங்கத்தார், நூலகர், படம் தெரிந்தவர்கள் அடங்கிய ஏழெட்டுப் பேர் குழுவுடையது.

முதல் ஆண்டுக்கு மாதம் இரண்டு படம் போதும், இருபத்துநான்கு படம். அதில் பன்னிரண்டுக்காவது தமிழ் வரி. மாவட்ட மைய நூலகத்தில் படங்களின் குறிப்பும் வசனக் கோப்பும் சேர்ந்துகொண்டே போகட்டும்.

உங்கள் பொறுப்பிலுள்ள கூடங்களின் நீளம், அகலம், உயரம், சன்னல் எத்தனை, ஃபேன் எங்கே தொங்குகிறது, மின் இணைப்பின் திறன் என்ன என்பதை எழுதித் தாருங்கள். எந்தக் கூடம் பொருந்தும், அதற்கு எவ்வளவு துணி, எந்த லென்ஸ், திரை எங்கே என்ற கணக்கைக் கட்டணமில்லாமல் எழுதித் தருகிறோம். இந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முடிவாகும் முன் அது நடந்தால், அடுத்த சனவரியில் முதல் படத்தைப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிகளில் படம் திரையிடுவோரும் வசனம் மொழிபெயர்ப்போரும்